ராம் மாற்றியபின் எழாத கம்ப்யூட்டர்

புதிய ராமோ எஸ்எஸ்டியோ கிராபிக்ஸ் கார்டோ போட்ட பிறகு ஒரு கம்ப்யூட்டர் எழ மறுத்தால், பெரும்பாலும் அதில் எதுவும் எரிந்துபோயிருக்காது. ஒரு பாகம் சரியாக உட்காராமல் இருக்கும். அல்லது அந்த மதர்போர்டுக்குப் பொருந்தாத வகையாக இருக்கும். அல்லது பழைய டிஸ்க்கில் இருந்த விண்டோஸ் புதிய டிஸ்க்குக்கு முழுதாக வந்து சேர்ந்திருக்காது. நேற்றுவரை ஓடியது, இன்று ஓடவில்லை, இடையில் மாறியது இது ஒன்றுதான் என்பதைவிடப் பெரிய துப்பு பழுது தேடுகிறவருக்குக் கிடைக்காது. பதற்றத்தில் நாலு பாகத்தையும் ஒரே நேரத்தில் கழற்றி மாட்டினால் அந்தத் துப்பு கலைந்துவிடும். அதற்குப் பிறகு எந்தக் கோளாறு முதலில் வந்தது, எது கைபட்டதால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தச் சிக்கலை ஓர் ஊரை வைத்துப் பார்ப்போம். சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயில் பாதையில், மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே இருக்கிறது அனுப்பம்பட்டு. அதற்கு வடகிழக்கே பழவேற்காடு ஏரியும் அதன் மீனவ ஊர்களும். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. தமிழக அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த முதல் தவணை லேப்டாப்களில் 2 ஜிபி ராமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பரணில் கிடக்கும் அந்த லேப்டாப்பையோ அண்ணன் காலத்து அசெம்பிள் கம்ப்யூட்டரையோ தூசி தட்டி, தம்பி தங்கைக்குப் பயன்படுத்த நினைப்பவருக்கு அதிகச் செலவில்லாத வழி, ராமைக் கூட்டுவதும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுவதும். சென்ட்ரலில் இறங்கினால் கம்ப்யூட்டர் பாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு பக்கம்தான்; மாலைக்குள் பாகம் வீடு வந்து சேர்ந்துவிடும். இரவு மூடியைத் திறந்து மாட்டிய பிறகு திரை இருண்டே கிடந்தால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

இந்தக் கரையோர ஊர்களில் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொள்கிறது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதை ஒட்டிய காற்றில் உப்பும் ஈரமும் குறைவதேயில்லை. ராமின் விளிம்பில் பளபளக்கும் தங்கப்பூச்சு துருப்பிடிக்காது; ஆனால் அது மிக மெல்லியது. அதன் நுண்ணிய துளைகள் வழியாக உப்பும் ஈரமும் அடியில் உள்ள நிக்கலையும் செம்பையும் தொட்டு அரிக்கும். பல ஆண்டுகள் அசையாமல் இருந்த ராம் ஸ்லாட்டில், ஸ்பிரிங் பற்கள் அழுந்திய இடம் மட்டும் சுத்தமாக இருந்து மின்சாரத்தைக் கடத்திக்கொண்டிருக்கும். ராமைக் கழற்றி மறுபடி மாட்டும்போது அந்தப் பற்கள் இம்மியளவு நகர்ந்து, படலம் படிந்த இடத்தில் போய் உட்காரும். ஆகவே இப்படிப்பட்ட இயந்திரத்தில் குற்றம் புதிய பாகத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. திறந்ததே போதும், பழைய பாகம் முரண்டு பிடிக்க. கடைக்குப் போய்ப் புதிய ராமை மாற்றிக்கொண்டு வந்தும் பழுது தீராமல் அலைகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து விண்டோஸ் தோன்றுவதற்குள் மூன்று கட்டங்கள் கடந்துபோகின்றன. முதலில், மின்சாரம். டெஸ்க்டாப்பில் எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளை பெட்டி அதை 12, 5, 3.3 வோல்ட்களாகப் பிரித்து, நிலைப்பட்டதும் மதர்போர்டுக்கு ஒரு சைகை தருகிறது. அடுத்து, மதர்போர்டில் ஒரு சிப்பில் எழுதப்பட்டிருக்கும் பயாஸ் விழித்து பிராசசர், ராம், டிஸ்ப்ளே, கீபோர்டு என ஒவ்வொன்றையும் சோதிக்கிறது. இந்தச் சுயசோதனைக்குப் பெயர் ‘போஸ்ட்’. ஐபிஎம் 1981-ல் வெளியிட்ட முதல் பிசியிலேயே இது இருந்தது. எல்லாம் சரி என்றால் ஒரு சின்ன பீப். மூன்றாவதாக, பயாஸ் டிஸ்க்கைத் தேடிப் போய், அதிலிருக்கும், விண்டோஸை எழுப்பும் பூட் லோடரை ராமில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இன்று எண்ணற்ற மதர்போர்டுகளில் இருக்கும் பயாஸ், சுப்பிரமோனியன் சங்கர் 1985-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனத்தின் படைப்பு. அந்நிறுவனத்துக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு.

எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. விசிறி சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை என்றால் முதல் கட்டம். விசிறி சுற்றுகிறது, ஆனால் டிஸ்ப்ளே வரவில்லை என்றால் இரண்டாவது. கம்பெனி முத்திரை வந்து, அதன்பின் ஏதோ ஒரு வாசகத்தோடு நின்றால் மூன்றாவது. ‘ஆன் ஆகல’ என்று கடையில் பொதுவாகச் சொல்வதைவிட, இந்த மூன்றில் எது என்று சொல்வது பழுது பார்ப்பவருக்கும் உதவி, பணப்பைக்கும் நல்லது.

எந்தக் கட்டமானாலும் முதலில் செய்ய வேண்டியது பின்வாங்குவது. கம்ப்யூட்டரை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, லேப்டாப் என்றால் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். சில லேப்டாப்களில் இது ஒன்றே பழுதைத் தீர்த்துவிடுகிறது. பிறகு புதிய பாகத்தை எடுத்துவிட்டுப் பழையதை அதன் பழைய இடத்திலேயே மாட்டிப் பார்க்க வேண்டும். ஓடினால், புதிய பாகமோ அதன் பொருத்தமோதான் பிரச்சினை. ஓடவில்லை என்றால், திறந்தபோது ஏதோ ஒன்று அசைந்திருக்கிறது. இந்த ஒரே சோதனை தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. எரிச்சலில் பலர் இதைச் செய்யாமல் விடுவது வருத்தத்துக்குரியது.

மின்சாரமே வராத நிலை அநேகமாக எளிதில் தீரும். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்ச் அணைந்திருக்கலாம். மதர்போர்டுக்குச் செல்லும் 24 பின் கனெக்டர் முழுதாக இறங்காமல் இருக்கலாம். கேபினெட்டின் பவர் பட்டனிலிருந்து வரும் இரண்டு மெல்லிய வயர்கள், கை பட்டுக் கழன்றிருக்கலாம். மதர்போர்டையே மாற்றியிருந்தால், அதன் அடியில் திருகும் பித்தளைக் கால்களில் ஒன்று துளையில்லாத இடத்தில் நின்று ஷார்ட் செய்துகொண்டிருக்கலாம். போர்டை வெளியே எடுத்து, அட்டைப்பெட்டியின் மேல் வைத்து இயக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு நொடி சுற்றி உடனே நின்றுவிடுவதும் ஷார்ட்டின் அடையாளமாக இருக்கலாம்.

விசிறி சுற்றியும் திரை இருண்டிருப்பதுதான் ராம் மாற்றியவர்கள் அதிகம் சந்திப்பது. முதல் காரணம், ராம் முழுதாக இறங்காதது. டெஸ்க்டாப்பில் இரு முனையிலும் அழுத்தினால் பிடிகள் ‘டக்’ என்று தாமே மூடிக்கொள்ள வேண்டும். புதியவர்கள் உடைந்துவிடுமோ என்று பயந்து மெல்ல அழுத்துவார்கள். ஆனால் ராமுக்குக் கொஞ்சம் பலம் தேவை. லேப்டாப்பில் சாய்வாக நுழைத்து, தங்க விளிம்பு கண்ணுக்குப் படாத அளவு உள்ளே தள்ளிய பிறகே கீழே அமுக்க வேண்டும்.

அடுத்து, உப்புப் படலம். ரப்பர் போட்டுத் தேய்ப்பது தமிழ்நாட்டுக் கடைகள் பலவற்றிலும் நடக்கும் வைத்தியம், பலன் தருவதும் உண்மை. ஆனால் மணல் கலந்த மை ரப்பரை எடுக்கக் கூடாது; அது தங்கப்பூச்சையே சுரண்டிவிடும். மிருதுவான வெள்ளைப் பென்சில் ரப்பரால் ஒரே திசையில் இரண்டு மூன்று முறை, அதுவும் எப்போதாவது ஒருமுறை மட்டுமே. அதைவிட நல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பஞ்சு ஒட்டாத துணியில் நனைத்துத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்ட வேண்டும். ஸ்லாட்டுக்குள் துணியோ குச்சியோ விடக்கூடாது. சுத்தமான உலர்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, ராமை நாலைந்து முறை நுழைத்து எடுத்தால் ஸ்பிரிங் பற்கள் தாமே உரசிச் சுத்தமாகும். வறண்ட ஊர்களில் ராமைத் தொடும்போது கையிலிருந்து பாயும் நிலைமின்சாரம் பெரிய பயம். ஈரக்காற்று உள்ள கடற்கரையில் அது குறைவு. ஆனாலும் தொடுமுன் கேபினெட்டின் வெற்று உலோகத்தை ஒருமுறை தொட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

மூன்றாவது, வகை. டிடிஆர்-3, டிடிஆர்-4, டிடிஆர்-5 மூன்றும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. வெட்டு இருக்கும் இடம் வேறு என்பதால் தவறான ஸ்லாட்டில் நுழையவே நுழையாது. பலவந்தம் செய்தால்தான் உடையும். மின்னழுத்தமோ கண்ணுக்குத் தெரியாத பொறி. சாதாரண டிடிஆர்-3 ராம் 1.5 வோல்ட்டில் இயங்கும், ‘எல்’ எழுத்து சேர்ந்த டிடிஆர்-3எல் 1.35 வோல்ட்டில். இரண்டும் ஒரே வடிவம். 2013-க்குப் பிறகு வந்த பல லேப்டாப்கள் குறைந்த மின்னழுத்த ராமை மட்டுமே ஏற்கும். அவற்றில் சாதாரண டிடிஆர்-3 ராமை மாட்டினால் கச்சிதமாக உட்காரும், ஆனால் திரை வராது. பழைய ராமின் ஸ்டிக்கரைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போவது இந்த அலைச்சலை மிச்சப்படுத்தும். ஒரு ஸ்லாட்டுக்கு எத்தனை ஜிபிவரை தாங்கும் என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இரண்டு ராம் போட்டிருந்தால் ஒன்றை மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு மற்றதை அதே ஸ்லாட்டில், பிறகு ஸ்லாட்டை மாற்றி. இந்த நாலு முயற்சியில் கெட்டது ராமா ஸ்லாட்டா என்பது வெளிச்சமாகிவிடும். நாலு ஸ்லாட் உள்ள டெஸ்க்டாப் போர்டுகளில் இரண்டு ராமுக்கு உரிய இடம் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். டிடிஆர்-5 போர்டுகளில் முதல்முறை ஆன் செய்யும்போது ராமைப் பழக்கிக்கொள்ளவே சில நிமிடங்கள் ஆகும். அந்த நேரம் முழுதும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். பொறுமையிழந்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இந்தக் கட்டத்தில் கம்ப்யூட்டர் தன் வலியைச் சொல்ல ஒரு வழி வைத்திருக்கிறது. அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் பயாஸின் பழைய மரபில் மூன்று பீப் என்றால் ராம், எட்டு என்றால் டிஸ்ப்ளே கார்டின் நினைவகம். அவார்டு எனும் இன்னொரு பயாஸில் ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குறுகியதும் வந்தால் கிராபிக்ஸ் கார்டு. புதிய போர்டுகள் பலவற்றில் சின்ன ஸ்பீக்கரே இருப்பதில்லை. பதிலாக பிராசசர், ராம், டிஸ்ப்ளே, பூட் என்று நாலு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அதுதான் சிக்கல். பல லேப்டாப்களில் கேப்ஸ் லாக் விளக்கோ சார்ஜிங் விளக்கோ எண்ணி எண்ணிச் சிமிட்டும். கம்பெனிக்குக் கம்பெனி பொருள் மாறும் என்பதால் அந்த மாடலின் கையேட்டைப் பார்ப்பதே சரி.

கிராபிக்ஸ் கார்டு போட்ட பிறகு திரை இருண்டால், மானிட்டரின் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். புதிய கார்டைப் போட்டுவிட்டு கேபிளைப் பழையபடி மதர்போர்டிலேயே விட்டிருப்பது மிகச் சாதாரணமான தவறு. அடுத்து மின்சாரம். கார்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு 6 பின் கேபிள் இன்னொரு 75 வாட்டையும் 8 பின் கேபிள் 150 வாட்டையும் தரும். அந்தக் கேபிளை மாட்டாவிட்டால் விசிறி மட்டும் சுற்றும், படம் வராது. கேபினெட்டோடு சேர்த்துத் தரும் விலைமலிந்த எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் அச்சிட்ட வாட் கணக்கை நம்பி கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கூடாது. 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதோ அதுதான் பார்க்க வேண்டிய எண்.

பிராசசர் மாற்றியவருக்கு ஏற்படும் தொல்லை வேறு மாதிரி. சாக்கெட் ஒன்றாக இருந்தால் போதாது. அந்தப் பிராசசரை அடையாளம் காணும் அளவு பயாஸ் புதிதாக இருக்க வேண்டும். 2018 பிப்ரவரியில் ஏஎம்டி புதிய ரைசன் பிராசசர்களை வெளியிட்டபோது, கடைகளில் இருந்த பழைய ஏஎம்4 போர்டுகள் பல அவற்றை ஏற்காமல் நின்றன. பயாஸைப் புதுப்பிக்க வேறு பிராசசர் வேண்டும், அது வாங்கியவர் கையில் இல்லை. கடைசியில் ஏஎம்டியே ஒரு பிராசசரை இரவலாக அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று. பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட்டு, பிறகு புதியதைப் போடுவதுதான் சரியான வரிசை. நடுவே கரண்ட் போனால் போர்டே முடங்கிவிடலாம் என்பதால் யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் இறங்கக் கூடாது.

எஸ்எஸ்டி மாற்றியவர்களின் கதை பெரும்பாலும் மூன்றாவது கட்டத்தில் நடக்கிறது. கம்பெனி முத்திரை வரும், பிறகு ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று நிற்கும். முதலில் பயாஸுக்குள் போய்ப் புதிய எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியவில்லை என்றால் கேபிளோ பொருத்தமோதான் காரணம். எம்.2 வடிவ எஸ்எஸ்டிகளில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு இனம் உண்டு. ஒன்றை மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் மற்றது உட்கார்ந்தாலும் வேலை செய்யாது. சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒரு சாட்டா போர்ட் தானாக அணைந்துவிடும். அதில் மாட்டியிருந்த பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனதாகத் தோன்றும். கேபிளை அடுத்த போர்ட்டுக்கு மாற்றினால் திரும்பி வந்துவிடும்.

பெயர் தெரிந்தும் பூட் ஆகவில்லை என்றால் பூட் முறையைப் பார்க்க வேண்டும். பழைய இயந்திரங்களில் விண்டோஸ் லெகசி முறையில், எம்பிஆர் எனும் பிரிவினை அட்டவணையோடு நிறுவப்பட்டிருக்கும். புதியவை யுஇஎஃப்ஐ முறையில், ஜிபிடி அட்டவணையோடு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தபின், விண்டோஸ் 11 போடுவதற்காக பயாஸில் லெகசியை அணைத்துவிட்டவர்கள் பலர். அணைத்த மறுகணமே எம்பிஆர் டிஸ்க் பூட் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். டேட்டா எங்கும் போகவில்லை. அமைப்பைப் பழையபடி மாற்றினால் விண்டோஸ் எழுந்துவிடும். பிறகு விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் முறையாக மாற்றிக்கொள்ளலாம். சாட்டா முறையை ஏஹெச்சிஐ, ரெய்டு என்று பயாஸில் மாற்றினாலும் நீலத்திரை வரும். முன்பிருந்ததற்குத் திருப்புவதே மருந்து.

பலரையும் குழப்பும் இன்னொரு சிக்கல் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமலேயே புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸை நிறுவினால், விண்டோஸ் எஸ்எஸ்டியில் போய் உட்காரும், ஆனால் அதை எழுப்பும் பூட் கோப்புகள் பழைய டிஸ்க்கிலேயே எழுதப்பட்டுவிடலாம். எல்லாம் நன்றாக ஓடும். சில மாதம் கழித்துப் பழைய டிஸ்க்கைக் கழற்றும் நாளில் கம்ப்யூட்டர் எழாது, எஸ்எஸ்டி கெட்டுவிட்டதாக முடிவு கட்டிவிடுவார்கள். நிறுவும்போது எஸ்எஸ்டி ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் இந்தச் சிக்கலே இல்லை. விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்திருந்த பழைய அரசு லேப்டாப்பில் விண்டோஸ் பிரிவை மட்டும் நகலெடுத்தவருக்கு ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற கறுப்புத் திரை வரக்கூடும். எழுப்பும் வேலையைச் செய்த கிரப், தன் மீதிப் பாகத்தை லினக்ஸ் பிரிவில் தேடித் தவிக்கிறது. இரண்டுக்கும், வேறொரு கம்ப்யூட்டரில் விண்டோஸ் நிறுவல் பென் டிரைவ் தயாரித்து, அதிலிருந்து பூட் செய்து, ஸ்டார்ட்டப் ரிப்பேர் ஓட்டிப் பார்ப்பது முதல் படி. பழைய ஹார்ட் டிஸ்க்கை, எஸ்எஸ்டி சில வாரம் ஒழுங்காக ஓடும்வரை அழிக்கவே கூடாது. படங்களும் சான்றிதழ் நகல்களும் அதில்தான் இருக்கும்.

புதிய லேப்டாப்களில் பிட்லாக்கர் எனும் டிஸ்க் பூட்டு பெரும்பாலும் தானாகவே போடப்பட்டிருக்கிறது. மதர்போர்டையோ பயாஸ் அமைப்பையோ மாற்றினால், அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண் பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும். பாகம் மாற்றும் முன்பே அதைத் தாளில் எழுதிவைத்துக்கொள்வது அவசியம். எண் இல்லையேல் உள்ளே இருப்பதை எந்தக் கடையாலும் மீட்டுத் தர முடியாது.

பல ஆண்டுகள் சும்மா கிடந்த இயந்திரத்தில், மதர்போர்டின் நாணய வடிவ சிஆர்2032 பேட்டரி செத்திருக்கும். மூன்று வோல்ட் தரும் அந்தச் சின்ன பேட்டரிதான் பயாஸின் அமைப்புகளையும் கடிகாரத்தையும் காக்கிறது. அது போனால் தேதி பின்னோக்கிப் போகும், பூட் முறை தானாக மாறும், நேற்று சரிசெய்தது இன்று கலைந்திருக்கும். புதிதாகப் போட விலை மிகக் குறைவு. புதிய பாகத்துக்குப் பின் பயாஸ் பழைய நினைவிலேயே சிக்கி நின்றால், மின்சாரத்தைத் துண்டித்து இதே பேட்டரியைச் சில நிமிடம் கழற்றிவைப்பது அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் எழவில்லை என்றால்தான் கடை. அங்கே ‘போர்டு போச்சு’ என்று உடனே சொன்னால், வேறு ராம், வேறு எஸ்எம்பிஎஸ் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்பதில் தவறில்லை. டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மீதியை மட்டும் கொடுத்தால் டேட்டா பத்திரமாக இருக்கும்.

எழுந்துவிட்டால், மூடியைத் திருகுமுன் விண்டோஸில் ராம் முழுதாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் உள்ள பழைய லேப்டாப்பில் 4 ஜிபி போட்டாலும் 2 ஜிபிக்கு மேல் பயன்படாது. அது அந்தப் பதிப்பின் எல்லை. மற்ற 32 பிட் விண்டோஸ்களிலும் 4 ஜிபியில் கொஞ்சம் குறைத்தே காட்டும். ராம் கெட்டதாக இதற்கு அர்த்தமில்லை. 64 பிட் பதிப்புக்கோ லினக்ஸுக்கோ மாறினால் முழுதும் கிடைக்கும். அதன்பின் மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி ஓர் இரவு ஓடவிட வேண்டும். காலையில் ஒரு பிழைகூடக் காட்டக் கூடாது. ஒன்று காட்டினாலும், முதலில் ராமைத் துடைத்து மாட்டி மறுபடி ஓட்டிப் பார்த்து, பிழை தொடர்ந்தால் பில்லோடு கடைக்குப் போய் உத்தரவாதத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும்.